ஸ்மார்ட் போர்டில் கேரட் ஆடினால் போதுமா? பிள்ளைகளுக்கு நல்ல ஸ்நாக்ஸைச் சொல்லித்தருவது எப்படி

சென்னையில் அட்மிஷன் நடக்கும் மாதங்களில் எந்தத் தெருவில் போனாலும் 'இன்டராக்டிவ் லேர்னிங்' என்று ஒரு பேனராவது கண்ணில் படும். உள்ளே போய் அது என்னவென்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெரிய திரையைக் காட்டுவார்கள். தொட்டால் நகரும், பாட்டுப் பாடும், கேரட் ஒன்று கைகால் முளைத்து ஆடும். 'ஆரோக்கியமான தின்பண்டங்கள்' பாடத்துக்கு இது தாராளம் என்று டீச்சரும் நினைக்கிறார், பெற்றோரும் நினைக்கிறார்கள். பிள்ளையோ நாலு மணிக்கு வெளியே வந்து, கையிலிருக்கும் பத்து ரூபாய்க்கு வழக்கமான பாக்கெட்டைத்தான் வாங்குகிறது. உடனே பழி பிள்ளையின் நாக்கின் மேல் விழும், இல்லாவிட்டால் பாக்கெட் கம்பெனியின் மேல். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் நடந்தது ஒரு கார்ட்டூன் காட்சிதான், பாடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

இதில் இரண்டு குழப்பங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நல்ல ஸ்நாக்ஸ் எது என்பது ஒன்று. இன்டராக்டிவ் எது என்பது இன்னொன்று. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஸ்நாக்ஸ் டப்பாவைத் திறப்போம்

ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் வயிறு சின்னது, ஓட்டமோ பெரியது. மூன்று வேளைச் சாப்பாட்டில் மட்டும் எல்லாவற்றையும் ஏற்றிவிட முடியாது, அதனால்தான் காலை இன்டர்வலில் கொஞ்சம், பள்ளி விட்டு வந்ததும் கொஞ்சம் என்று கொடுக்கிறோம். ஆக ஸ்நாக்ஸ் ஒரு குட்டிச் சாப்பாடு. சாப்பாட்டில் நாம் எதிர்பார்க்கும் புரதம், நார்ச்சத்து, வைட்டமின் இவற்றில் ஏதாவது ஒன்றாவது அதிலும் இருக்க வேண்டும். (நார்ச்சத்து என்பது பயறு, பழம், காய், தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றில் உள்ள, நம் குடலால் செரிக்க முடியாத பகுதி. அது கூட இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகக் கலக்கும், பசியும் சீக்கிரம் திரும்பாது.)

எடுத்துக்காட்டுக்கு எங்கேயும் போக வேண்டாம். மெரினாவில் விற்கும் சுண்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கின்றன. அதே எடை உருளைக்கிழங்கு சிப்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், மேலே உப்பு. நவராத்திரியில் ஒன்பது நாளும் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, பட்டாணி என்று மாற்றி மாற்றிச் சுண்டல் செய்கிற ஊர் இது, அப்புறம் பத்தாம் நாளிலிருந்து வருஷம் முழுக்க அந்தப் பயறு டப்பாக்கள் அலமாரிக்குள் போய்விடுகின்றன. ஒன்று மட்டும் கவனம்: தேங்காய் போட்ட சுண்டல் சென்னை வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும். பள்ளிக்குக் கட்டிக் கொடுப்பதானால் தேங்காயை விட்டுவிடுங்கள், காலை இன்டர்வலிலேயே சாப்பிடச் சொல்லுங்கள்.

இங்கே மூன்று தவறான நம்பிக்கைகளைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாடம் நடத்துபவர்களே இவற்றை நம்புகிறார்கள்.

வீட்டில் செய்தால் எல்லாம் நல்லது என்பது முதலாவது. வீட்டில் செய்த முறுக்கும் எண்ணெயில் பொரித்ததுதான். எண்ணெய் நல்லதாக இருக்கலாம், பழைய எண்ணெயாக இல்லாமல் இருக்கலாம், அதெல்லாம் உண்மை. ஆனாலும் தினமும் ஒரு டப்பா முறுக்கு என்றால் கணக்கு கணக்குதான்.

இரண்டாவது, வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையில் சேராது என்பது. சேரும். வெல்லத்தில் சிறிது தாதுச் சத்து உண்டு, ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையேதான்.

மூன்றாவது, பழச்சாறு பழத்துக்குச் சமம் என்பது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 'கட்டற்ற சர்க்கரை' என்று ஒரு வகையைச் சொல்கிறது. நாமோ கம்பெனியோ உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், சிரப், அவற்றோடு பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரை எல்லாம் இதில் அடங்கும். முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக இருப்பது இதில் வராது. ஒரு நாளில் உடலுக்குப் போகும் மொத்தக் கலோரியில் இந்த வகைச் சர்க்கரை 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அந்த வழிகாட்டுதல். ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1700 கலோரி என்று வைத்துக்கொண்டால், 10 சதவீதம் என்பது 42 கிராம், 5 சதவீதம் என்பது 21 கிராம். லேபிளில் 100 மில்லிக்கு 10.5 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கும் ஒரு கோலாவை 250 மில்லி குடித்தால் 26 கிராம். ஒரே பாட்டிலில் அந்தச் சின்ன அளவு தாண்டிவிட்டது.

லேபிள் என்ன சொல்கிறது

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் தகவல். பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. இந்தியாவில் பாக்கெட் உணவில் சேர்ந்துள்ள பொருட்களை எடையின்படி இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. அதிகமாக இருப்பது முதலில் வரும். ஆகவே 'ராகி பிஸ்கட்' என்று முன்னால் பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்னால் முதலில் மைதா, இரண்டாவது சர்க்கரை, ராகி எங்கோ கடைசியில் என்றால் பிள்ளைக்கே விஷயம் விளங்கிவிடும். சர்க்கரை வேறு பெயர்களிலும் வரும்: குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ்.

அடுத்தது ஊட்டச்சத்துக் கட்டம். 100 கிராமுக்கு எவ்வளவு என்று இருக்கும், அதோடு 'ஒரு சர்விங்' என்றும் இருக்கும். ஒரு சர்விங் என்பதைக் கம்பெனி சின்னதாக வைத்துக்கொள்ளலாம், பிள்ளை முழுப் பாக்கெட்டையும்தான் காலி செய்யும். அதனால் 100 கிராம் கணக்கைப் பார்த்துப் பாக்கெட்டின் எடைக்குப் பெருக்குவதே சரி. லேபிளில் உள்ள சதவீதம் 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கான கணக்கு, அதில் சேர்த்த சர்க்கரைக்கு 50 கிராம், சோடியத்துக்கு 2000 மில்லிகிராம் என்று வரம்பு. சோடியம் என்பது உப்பின் ஒரு பகுதி; 2000 மில்லிகிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த அளவுகள் எல்லாமே இன்னும் குறைய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டமும் இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலோ வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. பள்ளி விடும் நேரத்தில் எந்த வாசலிலாவது போய் நின்று பாருங்கள், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பதால்தான் பிள்ளைக்கே தேர்வு செய்யப் பழக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை: ஸ்நாக்ஸ் ஒரு குட்டிச் சாப்பாடு. உணவை நல்லது, கெட்டது என்று இரண்டு கூடையில் போடுவதைவிட, அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்பதுதான் பயன் தரும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கிறது.

தொட்டால் மட்டும் இன்டராக்டிவ் ஆகிவிடாது

இப்போது இரண்டாவது குழப்பம். இன்டராக்டிவ் கற்றல் ஊடகம் என்றால், பிள்ளை செய்வதைப் பொறுத்து அடுத்து வருவது மாறுகிற எந்தப் பாடக் கருவியும். அவ்வளவுதான். அதில் மின்சாரம் ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை.

வடசென்னையில் கேரம் கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். உலகப் பட்டம் வென்று 1996இல் அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயத்தின் ஊர் இது, கேரம் போர்டுக்குப் பஞ்சமில்லை. அண்ணன்கள் ஆடுவதை எத்தனை நாள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாலும், ஸ்ட்ரைக்கர் கைக்கு வந்ததும் முதல் அடி எங்கோ போகும். எங்கே போனது என்று கண்ணெதிரே தெரியும். கையைக் கொஞ்சம் திருப்பி அடுத்த அடி. எந்தக் காயை அடிப்பது என்று பிள்ளையே முடிவு செய்கிறது, என்ன ஆனது என்று அந்த நொடியே தெரிகிறது, தெரிந்ததை வைத்து மறுபடி அடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. காய் விழாவிட்டால் போர்டு திட்டாது, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேலியும் செய்யாது. தவறு எந்தப் பக்கம், எவ்வளவு என்று மட்டும் காட்டும்.

முடிவு, பதில், மறுமுயற்சி. இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நடுவில் இருக்கும் அந்தப் பதிலைத்தான் பின்னூட்டம் என்கிறார்கள்: ஒரு செயலுக்குப் பிறகு, அது எப்படி இருந்தது, ஏன் அப்படி ஆனது என்று செய்தவருக்குத் திரும்பி வரும் தகவல்.

இந்த அளவுகோலை வைத்து ஆடும் கேரட்டைப் பாருங்கள். பிள்ளை எதையும் முடிவு செய்யவில்லை. 'நெக்ஸ்ட்' பட்டனை அழுத்துவது திரையைத் தொடுவதுதான், ஆனால் அது யார் தொட்டாலும் ஒரே பக்கத்துக்குத்தான் போகும். இன்னொரு பிரபலமான விளையாட்டு உண்டு: ஆப்பிளைப் பச்சைக் கூடையில் போடு, பர்கரைச் சிவப்புக் கூடையில் போடு. இதில் முடிவு இருக்கிறது, சரி. ஆனால் யூகேஜி பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்லும் கேள்வி அது. கடையில் நிற்கும் பிள்ளை ஆப்பிளா பர்கரா என்று யோசிப்பதே இல்லை. பத்து ரூபாய்க்குக் கடலை மிட்டாயா கிரீம் பிஸ்கட்டா, டெட்ரா பாக்கெட் மாம்பழ ஜூஸா மோரா, உப்பு மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தையா மசாலா சிப்ஸா என்றுதான் யோசிக்கும். இவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பண்டங்கள். வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் வரை புரதம் உண்டு, ஆனால் கடலை மிட்டாயில் வெல்லப் பாகும் கணிசமாக இருக்கிறது. அப்படியானால் அது எந்தக் கூடை? இரண்டு பிள்ளைகள் இதற்காகச் சண்டை போட்டால் பாடம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

கல்வி ஆய்வாளர்கள் இதை நாலு படியாகப் பிரிப்பதுண்டு. சும்மா பார்ப்பது, கேட்பது முதல் படி. தொடுவது, அடிக்கோடு போடுவது, எழுதி எடுப்பது இரண்டாவது. தன் சொல்லில் காரணம் சொல்வது, படம் போடுவது, புதிதாக ஒன்றை உருவாக்குவது மூன்றாவது. இன்னொருவரோடு பேசி, மறுத்து, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவது நாலாவது. மேலே போகப் போகக் கற்றல் ஆழமாகும் என்பது அவர்கள் வாதம். நம் வகுப்புகளில் லட்ச லட்சமாகச் செலவழித்து வாங்கும் திரைகள் பெரும்பாலும் முதல் இரண்டு படியிலேயே நின்றுவிடுகின்றன. குற்றம் திரையின் மேல் இல்லை, அதில் ஓடவிடும் பாடத்தின் மேல்.

தலைக்குள் என்ன நடக்கிறது

ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மனதில் பதியும் என்று நாம் நம்புகிறோம். பார்க்கும்போது 'இது தெரியுமே' என்று தோன்றும், அவ்வளவுதான். பதிய வைப்பது வேறொன்று: பார்க்காமல், நினைவிலிருந்து தோண்டி எடுத்துச் சொல்வது. இதற்கு மீட்டல் பயிற்சி என்று பெயர். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை ஒரு கூட்டம் மறுபடி மறுபடி படித்தது, இன்னொரு கூட்டம் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பாடம் முடிந்த கையோடு 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் 'புரிஞ்சுது மிஸ்' என்று சொல்வதும், அடுத்த வாரம் யாருக்கும் நினைவில்லாமல் போவதும் இதனால்தான்.

இரண்டாவது, இடைவெளி. ஒரே நாளில் மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுப்பதைவிட, அதையே பத்துப் பத்து நிமிஷமாக வாரக்கணக்கில் பரப்பினால் அதிகம் நிற்கும். மறதி ஆரம்பத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதை ஜெர்மனியின் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதினார். நாம் என்ன செய்கிறோம்? செப்டம்பர் முதல் வாரம் தேசிய ஊட்டச்சத்து வாரம். அந்த வாரத்தில் சார்ட், பேச்சுப் போட்டி, ஃபேன்ஸி டிரெஸ், தக்காளி வேஷத்துக்குச் சிவப்புத் துணி தேடி அம்மாக்கள் கடை கடையாக அலைச்சல். எட்டாம் தேதி முதல் அந்தப் பேச்சே இருக்காது. அந்த உழைப்பில் கால்வாசியை மாதம் ஒரு பதினைந்து நிமிஷமாகப் பிரித்துப்போட்டால் போதும் என்பது என் கருத்து, தக்காளிகளுக்கு வருத்தமாக இருக்கலாம்.

மூன்றாவது, காரணத்தோடு வரும் பின்னூட்டம். 'சபாஷ்' என்று கைதட்டல் ஒலி வருவதும், தவறானால் சிவப்புப் பெருக்கல் குறி வருவதும் பின்னூட்டத்தில் மிகக் கீழ்த்தட்டு. 'நீ எடுத்த ஜூஸில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, உன் நாள் பங்கில் பாதிக்கு மேல். வேறு எதை எடுத்திருக்கலாம்?' என்று வந்தால் அதற்கு மதிப்பு. அடுத்த முறை புதிய பண்டம் ஒன்று எதிரே வந்தாலும் அந்தக் காரணம் கூட வரும்.

இதுவரை: நினைவிலிருந்து எடுக்க வைக்க வேண்டும், இடைவெளி விட்டு மறுபடி எடுக்க வைக்க வேண்டும், தவறினால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஊடகம் இன்டராக்டிவாக இருப்பதன் பயன் இந்த மூன்றையும் எளிதாக்குவதில்தான்.

ஒரு பீரியடில் நடத்திப் பார்த்தால்

நாலாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் காலியாகும் ராப்பர்களைக் கழுவிக் கொண்டுவரச் சொல்லுங்கள். டீச்சரும் ஒரு பை நிறையக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் பாக்கெட் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கக்கூடாது. நாலு பேர் ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ராப்பர், பின்பக்கக் கட்டத்தின் மேல் காகிதம் ஒட்டி மறைத்திருக்க வேண்டும். மேஜையில் கண்ணாடி டம்ளர், ஒரு கிண்ணம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன்.

'இந்தப் பாக்கெட்டில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை இருக்கும்? நாலு பேரும் பேசி, டம்ளரில் போடுங்கள்.' இதுதான் முடிவு. பேச்சு, வாக்குவாதம், ஒருவன் ரெண்டு என்பான், ஒருத்தி பத்து என்பாள். அப்புறம் காகிதத்தைப் பிரித்து, 100 கிராமுக்கு எவ்வளவு என்று படித்து, பாக்கெட்டின் எடைக்கு மாற்றி, ஒரு டீஸ்பூனுக்கு 4 கிராம் என்று வகுக்க வேண்டும். அந்தக் கோலாவில் 26 கிராம், ஆறரை ஸ்பூன். டம்ளரில் மூன்று ஸ்பூன்தான் போட்டிருந்தார்கள் என்றால் இப்போது மிச்சத்தையும் போடச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் வெள்ளை மட்டம் ஏறுவதைப் பார்ப்பதுதான் பின்னூட்டம். உடனே அடுத்த ராப்பர், மறுபடி ஊகம். இரண்டாம் சுற்றில் ஊகம் எவ்வளவு நெருங்குகிறது என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்கே சுவாரஸ்யம் வந்துவிடும். கணக்கு வாத்தியாருக்கும் சந்தோஷம், தசமப் பெருக்கலும் வகுத்தலும் இலவசமாக நடக்கிறது.

எண்ணெய்க்கு இன்னும் எளிய வழி. மளிகைக் கடையின் பழுப்புக் காகிதத்தில் சிப்ஸ், முறுக்கு, பொட்டுக்கடலை, வாழைப்பழத் துண்டு ஒவ்வொன்றையும் நசுக்கி வட்டமிட்டுக் காயவிடுங்கள். தண்ணீர்க் கறை காய்ந்து மறையும், எண்ணெய்க் கறை நிற்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எது எது என்று பிள்ளைகளே சொல்வார்கள். முறுக்கின் வட்டம் மினுங்கும்போது 'எங்க பாட்டி செஞ்சது மிஸ்' என்று ஒரு குரல் வரும். பாட்டியைக் குறை சொல்லாமல், தினமும் ஒரு டப்பாவா, தீபாவளிக்கு ஒரு தட்டா என்ற பேச்சுக்கு அதுதான் சரியான இடம்.

இதில் டிஜிட்டல் எங்கே வருகிறது? தேவைப்பட்டால் வரலாம். எல்லாப் பிள்ளைகளிடமும் போன் இருக்காது, இருக்கவும் வேண்டாம். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி உண்டு. ஆளுக்கு ஒரு அச்சிட்ட அட்டை, அதை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அது அவர்கள் விடை, டீச்சர் தன் போனை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் எந்த விடை என்று பதிவாகிவிடும். அட்டையைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை காப்பியடிப்பதும் கடினம், கை தூக்கப் பயப்படும் பிள்ளைக்கும் இடம் கிடைக்கிறது. வீடியோதான் வேண்டுமென்றால், ஹெச்5பி போன்ற கருவியில் நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்கும்படி செய்யலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு இருக்கிறது, ஆனால் அதை ஸ்கேன் செய்து வரும் வீடியோவை முழுசாக ஓடவிட்டால் அதுவும் முதல் படிதான். நடுவில் நிறுத்தி, 'அடுத்து என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டால் அதே வீடியோ மேலே ஏறிவிடும்.

சிபிஎஸ்இ பள்ளிகளில் 2025இல் 'சுகர் போர்டு' வைக்கச் சொன்னார்கள், எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை. நல்ல யோசனைதான். ஆனால் சுவரில் மாட்டிய பலகையை ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை, தேசத் தலைவர்கள் படத்தைப் பார்ப்பதில்லையே, அந்த மாதிரி. எண்களின் மேல் ஒரு மூடி வைத்து, ஊகித்துச் சொன்ன பிறகே திறக்கலாம் என்று செய்துவிட்டு, வாரா வாரம் பண்டங்களை மாற்றினால் அந்தப் பலகைக்கு உயிர் வரும். செலவு ஒரு துண்டு அட்டையும் கொஞ்சம் செலோ டேப்பும்.

எங்கே சறுக்குகிறது

வினாடி வினாவில் ஜெயித்த பிள்ளைக்கு சாக்லேட் கொடுப்பது. சிரிக்காதீர்கள், நடக்கிறது. பரிசாகக் கொடுக்கும் பண்டத்தின் மேல் பிள்ளைக்கு ஆசை கூடுகிறது என்று 1980களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆக அரை மணி நேரம் சர்க்கரையைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசி அரை நிமிஷத்தில் அதற்கு மகுடம் சூட்டி அனுப்புகிறோம்.

அலங்காரம் மிஞ்சுவது இன்னொன்று. பீட்சா பூதம் பல்லைக் காட்டும், புரோக்கோலி மாவீரன் வாள் வீசுவான். பாடத்துக்குத் தேவையில்லாத கவர்ச்சி கூடக்கூடக் கவனம் அதிலேயே போய், பாடம் மனதில் நிற்பது குறைகிறது. தவிர, சென்னைப் பிள்ளைக்குப் புரோக்கோலி எதற்கு? கொய்யா, வாழைப்பழம், வெள்ளரிப் பிஞ்சு, பனங்கிழங்கு, அவித்த வேர்க்கடலை என்று கண்ணெதிரே கிடப்பதை விட்டுவிட்டு, கிலோ விலை கேட்டால் தலை சுற்றும் காயை ஹீரோவாக்கினால் 'நல்ல சாப்பாடு நம்ம வீட்டுக்குக் கட்டுப்படியாகாது' என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

பிள்ளையின் டப்பாவை வகுப்பின் முன் திறந்து காட்டி, இது நல்லது அது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த டப்பாவைக் கட்டியது பிள்ளை இல்லை. காலையில் ஷிஃப்டுக்கு ஓடும் அம்மா பிஸ்கட் பாக்கெட்டைத்தான் வைக்க முடிந்திருக்கும். எடை போடுவது, குண்டு ஒல்லி என்று பேசுவது இதெல்லாம் இந்தப் பாடத்தின் பக்கமே வரக்கூடாது. வகுப்பில் எதையாவது ருசிக்கக் கொடுப்பதாக இருந்தால் வேர்க்கடலை, பால் போன்றவற்றுக்கு ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். எல்கேஜி வயதில் முழுக் கடலையே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

தெரிந்தால் மட்டும் வாய் மாறுமா

மாறாது. இது எந்தத் திரையாலும் தாண்ட முடியாத இடம். பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத உணவு முதலில் பிடிக்காமல் போவது இயல்பு. திரும்பத் திரும்ப ருசித்தால்தான் பிடிக்க ஆரம்பிக்கும், எட்டுப் பத்து முறை, சிலருக்கு இன்னும் அதிகம். 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிறு பிள்ளைகளுக்குச் சில பழங்களைப் பார்க்க மட்டும் கொடுத்தார்கள், சிலவற்றை ருசிக்கவும் கொடுத்தார்கள். ருசித்தவற்றின் சுவைதான் பிடித்துப்போனது, பார்த்ததால் மட்டும் அது நடக்கவில்லை. கேரட் எத்தனை நாள் திரையில் ஆடினாலும் நாக்குக்கு அது புதுசுதான்.

அதனால் வகுப்பில் நடக்கும் ஊகத்தோடு, மாதம் ஒருமுறையாவது ஒரு ஸ்பூன் சுண்டலோ ஒரு துண்டு கொய்யாவோ கைக்கு வர வேண்டும். துப்பினாலும் பரவாயில்லை, அடுத்த மாதம் மறுபடி. வற்புறுத்தி ஊட்டினால் எதிர்விளைவுதான். வீட்டிலும் இதேதான்: வெள்ளரிக்காய் பிடிக்கவில்லை என்று இரண்டு முறையோடு விட்டுவிடுகிறோம், ஐந்தாவது முறை வரை போனவர்கள் குறைவு.

பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது

'எது ஆரோக்கியமான ஸ்நாக்ஸ்?' என்று கேள்வித்தாளில் கேட்டால் எல்லோரும் பழம் என்று எழுதி முழு மார்க் வாங்குவார்கள். அது சோதனையே இல்லை. இரண்டு வாரம் கழித்து, வகுப்பில் இதுவரை பார்க்காத இரண்டு ராப்பர்களையும் விளையாட்டு நோட்டாகப் பத்து ரூபாயையும் கொடுத்து, எதை எடுப்பாய், ஏன் என்று கேளுங்கள். பதிலில் எந்தப் பண்டம் என்பதைவிட அந்த 'ஏன்' எப்படி வருகிறது என்று கவனியுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பிள்ளை, எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும், கற்றுக்கொண்டுவிட்டது.

நிஜ மாற்றம் தெரிய வேண்டுமானால் வகுப்பின் குப்பைக் கூடை இருக்கிறது. வாரம் ஒருநாள் பிள்ளைகளே ராப்பர்களை எண்ணிக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதட்டும், யாருடையது என்று கேட்க வேண்டாம். எண்ணிக்கை குறைந்தால் பரிசு என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள், அப்புறம் ராப்பர் எல்லாம் கூடைக்கு வராமல் பக்கத்து வகுப்புக் கூடைக்கும் ஸ்கூல் பையின் அடிக்கும் போய்விடும்.